பச்சையாக ஓடிய கால்வாய்

வாக்கெடுப்பு நாள் காலையில் அம்மா சலவைக்கடைக்குள் நுழைந்தபோது பெரிய மெஷின் சூடாக இருந்தது. அவள் அதில் இன்னும் ஒரு கைக்குட்டைகூடப் போட்டிருக்கவில்லை.

கதவைத் திறந்து டிரம்முக்குள் கையை விட்டாள். ஈரம். ரப்பர் வளையத்தின் மடிப்பில் சோப்பு நுரை பச்சையாக ஒட்டியிருந்தது.

நிமிர்ந்து கொடியைப் பார்த்தாள். மன்றத்துத் தொண்டர்களுக்காக நேற்று வந்து இறங்கிய பனியன்கள் அத்தனையும் சொட்டச் சொட்டத் தொங்கின. நேற்று கிளிப்பச்சை. இன்று ஆஸ்பத்திரிச் சுவரின் நிறம். நெஞ்சில் இருந்த ‘கால்வாய் காப்போம்’ மட்டும் கொஞ்சமும் கலங்காமல் கறுப்பாக இருந்தது.

கால்வாய் காப்போம் மன்றத்தின் தலைவர் அவளுடைய கணவர்தான் என்பது தொடர்ந்து படித்து வருகிறவர்களுக்குத் தெரியும். புதிதாக வருகிறவர்களுக்கும் ரொம்ப நேரம் தெரியாமல் இருக்காது, அவரே சொல்லிவிடுவார். கடைகளின் கழிவுநீரைக் கால்வாயில் விடுவதைத் தடை செய்யலாமா, ஆமா வேண்டாமா என்று ஊர் இன்றைக்கு ஓட்டுப் போடுகிறது. ‘ஆம்’ பக்கத்தின் குரல் அவர். ‘ஆம்’ பக்கத்தின் கால், கை, மூளை எல்லாம் அவர்களுடைய மகள். கண்ணாடிக் கடையில் லென்ஸ் பொருத்திய நேரம் போக மீதி நேரமெல்லாம் மன்றத்துக்குச் செயலாளர். “என் வீட்டிலேயே மூன்று ஓட்டு உறுதி” என்று தலைவர் மேடைதோறும் சொல்லி வந்தார். மூன்றாவது ஓட்டைப் பற்றி மகள் அம்மாவிடம் கேட்டபோது “பார்ப்போம்” என்ற பதில்தான் வந்தது. போன வாரம் அந்த இடத்தில்தான் நின்றோம்.

“ஏங்க! மெஷினை யாரு தொட்டது?”

“நான்தான்!” என்று உள்ளேயிருந்து பெருமையாகக் குரல் வந்தது. பின்னால் ஆளும் வந்தார், ஒரு கையில் ஒலிபெருக்கி, மறு கையில் சீப்பு.

“புதுத் துணி, சாயம் போகும், சும்மா தேய்ச்சுத் தரேன்னு நேத்தே சொன்னேனே?”

“புதுத் துணி வாடை அடிக்குதுன்னு நான் சொன்னேனே, அதை நீ காதுல வாங்கினியா? வரலாறு படைக்கப் போற பிள்ளைங்க மேல மண்ணெண்ணெய் வாடையா அடிக்கணும்? நீ தூங்கிட்டிருந்தே. உன்னை எழுப்ப வேண்டாம்னு விடியக்காலைல நானே போட்டுட்டேன். ஒரு பட்டன். இதுக்குப் போயி தினமும் இடுப்பு வலிங்கிறே.”

“எந்தப் பட்டன்?”

“சிவப்பா, பெருசா இருந்துச்சே.”

“அது கொதிநீர்.”

“நல்லதுதானே? கிருமி போயிடும்.”

“கிருமி போச்சோ என்னவோ, கலர் போயிடுச்சு.”

தலைவர் ஒரு பனியனைத் தூரத்தில் வைத்துப் பார்த்தார். “வெளிறினாலும் எளிமையா இருக்கு. எளிமைதானே நம்ம கொள்கை? சீக்கிரம் தேய்ச்சு அனுப்பு.”

போன கலர் எங்கே போனது என்று அவர் கேட்கவில்லை. முன்வாசல் வழியாக, தலையை வாரிக்கொண்டே போய்விட்டார்.

அம்மா பின்கதவைத் திறந்தாள்.

கடைச் சுவருக்கும் கால்வாய்க்கும் நடுவே ஓர் ஆள் ஒருக்களித்து நிற்கிற இடம்தான். தடை வந்தால் கழிவுநீர்த் தொட்டி கட்டியாக வேண்டும். கட்ட அங்கே இடமில்லை. ஆகையால் கடையை மூட வேண்டும். இந்தக் கணக்கை அவள் மனசுக்குள்ளேயே போட்டு வைத்திருந்தாள். வீட்டில் யாரும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

கோடைக்காலம். கால்வாயில் கணுக்கால் அளவுதான் தண்ணீர். அந்தக் கணுக்கால் அளவும், கண் போகிற தூரம் வரைக்கும், கிளிப்பச்சையாக ஓடிக்கொண்டிருந்தது.

*

நூலகத்தில்தான் வாக்குச்சாவடி. அதன் எதிரே மதகு பாதி மூடியிருந்ததால் பச்சை அங்கே வந்து தேங்கி நின்றது. வரிசையில் நின்றவர்கள் ஒவ்வொருவராகக் கைப்பிடிச் சுவரோரம் போய் எட்டிப் பார்த்துவிட்டு வந்தார்கள்.

“சீச்சீ! இதுல என் பிள்ளை காலை வைக்கும்!”

“நான் வேண்டாம்னு குத்தத்தாங்க வந்தேன்,” என்றார் பூட்டு ரிப்பேர்க்காரர். “இதைப் பாத்துட்டு எப்படிக் குத்துறது?”

சற்றுத் தள்ளி நின்றிருந்த மகள் காதைத் தீட்டிக்கொண்டாள். இந்தப் பூட்டுக்காரரிடம் அவள் எத்தனை துண்டுப் பிரசுரம் கொடுத்திருப்பாள்! தண்ணீரைச் சோதித்த முடிவுகளைப் படம் போட்டு விளக்கியிருக்கிறாள். அவர் அதையெல்லாம் சாவி மடித்துக் கொடுக்க வைத்துக்கொண்டார். புள்ளிவிவரத்துக்கு அசையாத மனுஷன் ஒரு நிறத்துக்கு விழுந்துவிட்டார்.

வாக்குச்சாவடிக்கு முன்னால் சுண்ணாம்புக் கோடு போட்டிருந்தார்கள். அதைத் தாண்டி யாரும் பிரசாரம் செய்யக் கூடாது. தலைவர் சட்டத்தை மதிப்பவர். ஆகவே செருப்பு நுனி கோட்டில் படாமல் நின்று, வாக்காளர்களுக்கு முதுகைக் காட்டி, ஒலிபெருக்கியைத் தண்ணீரை நோக்கித் திருப்பிக்கொண்டார்.

“நான் யாரிடமும் ஓட்டுக் கேட்கவில்லை! கால்வாயிடம் பேசுகிறேன்! கால்வாயே, உன்னை இந்தக் கதிக்கு ஆளாக்கியது யார்?”

கால்வாய் பதில் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் இந்த அத்தியாயம் இங்கேயே முடிந்திருக்கும்.

“வேற யாரு? மேல பெயின்ட் கடை இருக்குல்ல!” என்று வரிசையிலிருந்து ஒரு குரல் கிளம்பியது. “வாசல்லயே ‘வேண்டாம்’னு போர்டு வச்சிருக்கானே, அவன்தான்!”

தலைவர் ஒரு கணம் தயங்கினார். பெயின்ட் கடைக்காரர் அவருடைய மனைவியின் உடன்பிறந்த தம்பி. ஆனால் கூட்டம் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தது. கூட்டம் பார்த்துக்கொண்டிருக்கும்போது தயங்குவது அவருக்குப் பழக்கமில்லாத வேலை.

“கொள்கைக்கு மச்சான் கிடையாது!” என்று முழங்கினார்.

கைதட்டல் எழுந்தது. ஒரு கூட்டம் கால்வாய்க் கரையோடு மேலே நடக்க ஆரம்பித்தது. தலைவர் அதற்கு முன்னால் ஓடிப் போய்ச் சேர்ந்துகொண்டார்.

அப்போதுதான் மகளின் போன் அடித்தது.

“பாப்பா, அங்க தண்ணி எப்படி இருக்கு?”

“பச்சையா இருக்கும்மா! நம்பவே முடியல. வேண்டாம் போட வந்தவங்க எல்லாம் மாறிட்டிருக்காங்க!”

“அது நம்ம வீட்டுத் தண்ணி.”

“என்னம்மா?”

“உங்கப்பா விடியக்காலைல பனியனையெல்லாம் கொதிநீர்ல போட்டிருக்காரு.”

மகள் திரும்பிப் பார்த்தாள். கோட்டுக்கு வெளியே தொண்டர்கள் இஸ்திரி மடிப்புக் கலையாமல் நின்றிருந்தார்கள், வெளிறிப்போய். ‘நேத்து வேற கலரா இருந்துச்சே’ என்று ஒரு பெண் காலையில் கேட்டதும், இருக்கட்டும் போட்டுக்கோ என்று தானே சொன்னதும் ஞாபகத்துக்கு வந்தன.

“அம்மா, யார்கிட்டயாவது சொன்னியா?”

கேட்ட பிறகுதான் தான் கேட்டது அவளுக்கு உறைத்தது.

“இல்ல,” என்றாள் அம்மா. “உன்கிட்டதான் முதல்ல சொல்றேன்.”

“சாயங்காலம் அஞ்சு மணிக்கு ஓட்டு முடியுதும்மா. அது வரைக்கும் பேசாம இரு. அஞ்சு மணிக்கு நானே மைக்கைப் பிடிச்சு எல்லார்கிட்டயும் சொல்லிடறேன்.”

“ஓஹோ.”

“ஓஹோன்னா? தினம் போற அழுக்கு கண்ணுக்குத் தெரியல, இன்னிக்குத் தெரியுது. அவ்வளவுதானே? இது தோத்துட்டா நம்ம ஆயுசுல இன்னொரு ஓட்டு வராதும்மா. பொய் சொல்லுன்னா சொல்றேன்? சும்மா இருன்னுதானே சொல்றேன்?”

“அழுக்கை எடுக்காம இஸ்திரி போடச் சொல்றே.”

“அம்மா...”

“சூடு பட்டா கறை உள்ளே போயிடும், பாப்பா. அப்புறம் எந்த மருந்துக்கும் வராது.” எங்கோ கூச்சல் கேட்டது, அம்மாவின் குரல் மாறியது. “உன் மாமன் கடைப்பக்கம் என்ன சத்தம்? நான் போறேன்.”

போன் துண்டிக்கப்பட்டது. மகள் வரிசையைப் பார்த்தாள். இதுவரை பார்த்திராத நீளத்துக்கு வரிசை வளர்ந்திருந்தது. எத்தனை பேர் ‘ஆம்’ என்று அவளால் முகத்தைப் பார்த்தே எண்ண முடிந்தது. இன்னும் கொஞ்ச நேரம் இங்கேயே நின்றால் போதும்.

அவள் ஓடினாள்.

*

பச்சைத் தண்ணீரின் ஓரமாகவே நடந்து வந்த கூட்டம், பெயின்ட் கடை வந்ததும் நின்றுவிட்டது. இன்னும் கொஞ்ச தூரம் நடந்திருந்தால் சலவைக்கடை வந்திருக்கும். ஆனால் தேடியது கிடைத்த பிறகு யார் மேலே நடப்பார்கள்?

மாமா கடை வாசலில் கையை விரித்துக்கொண்டு நின்றார். “உள்ள வந்து பாருங்கய்யா! என் கடைல குழாயே கிடையாது. எல்லாம் மூடின டின்னு. மூடினபடி வருது, மூடினபடி போகுது!”

யாரும் உள்ளே போய்ப் பார்க்கவில்லை. பார்த்துவிட்டால் கோபப்பட முடியாமல் போய்விடுமே என்ற பயமாக இருக்கலாம்.

“பிள்ளைங்க விளையாடற தண்ணில விஷத்தைக் கலக்கறான், பேச்சப் பாரு!”

வாசலில் அடுக்கியிருந்த டின்களை யாரோ எட்டி உதைத்தார்கள். ஒன்று மூடி தெறித்து, வெள்ளை பெயின்ட் தெருவில் கொழகொழவென்று பரவியது. அதில் காலை வைத்தவர்களின் கோபம் இரண்டு மடங்கானது.

“அத்தான், நீங்களாவது சொல்லுங்க!” என்றார் மாமா.

தலைவர் வானத்தைப் பார்த்தார். “சட்டம் தன் கடமையைச் செய்யும்!”

அந்த நேரத்தில்தான் அம்மா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். மெஷினைக் கழுவிக்கொண்டிருந்தவள் அப்படியே கிளம்பி வந்திருந்தாள். விரல் நகங்களில் பச்சை ஏறியிருந்தது.

மாமா அக்காவின் கையைப் பார்த்தார். கால்வாயைப் பார்த்தார். நாள் முழுக்க நிறத்தோடு நிறத்தைக் கலக்கிக் கொடுக்கிற மனுஷனுக்கு அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை. அக்கா வாய் திறப்பதற்குள் அவர் முந்திக்கொண்டார்.

“சரிய்யா! என் கடைதான். டின்னு உடைஞ்சு போச்சு, கழுவி விட்டேன். இப்ப என்னங்கிறீங்க?”

“உண்மை வென்றது!” என்றார் தலைவர் ஒலிபெருக்கியில்.

ஓர் ஆள் முன்னால் பாய்ந்து மாமாவின் சட்டையைப் பிடித்தான். இன்னொருவன் கை ஓங்கினான். பளார் என்று ஒரு சத்தம். மாமாவின் மூக்குக் கண்ணாடி பறந்து போய் வெள்ளை பெயின்ட்டில் விழுந்தது.

மூச்சிரைக்க வந்து சேர்ந்த மகளின் காலடியில்தான் அது விழுந்தது. அவள் பொருத்திக் கொடுத்த லென்ஸ். எடுக்கக் குனிந்தாள். மாமாவும் குனிந்தார்.

“மாமா, எதுக்கு இப்படிச் சொன்னீங்க?”

“வாயை மூடு பாப்பா. எனக்குப் பெயின்ட் இல்லேன்னா ஆணி வித்துப் பொழைச்சுப்பேன். உங்கம்மாவுக்கு அந்தக் கடை ஒண்ணுதான்.”

“இதனால ஆம் ஜெயிச்சா அம்மா கடை எப்படியும் போயிடும், மாமா. அம்மா சொல்லலன்னாலும் அங்க தொட்டி கட்ட இடமில்லன்னு உங்களுக்குத் தெரியாதா?”

“ஓட்டுல போனா ஊரோட போகும். இவனுங்க இப்படி வந்து நின்னா மானம் போகும். ரெண்டும் ஒண்ணா?”

அவர் கன்னம் சிவந்து தடித்திருந்தது. மகள் நிமிர்ந்தாள். கூட்டத்தில் பாதிப் பேர் இன்னும் ஓட்டுப் போடாதவர்கள். இப்போது அப்படியே இறங்கி நடந்து போய் ‘ஆம்’ குத்துவார்கள். அவள் இரண்டு வருஷமாகக் கனவு கண்ட கூட்டம் இதுதான். கை ஓங்கியபடி நிற்கிறது.

பொது இடத்தில் அவரைத் ‘தலைவரே’ என்றுதான் கூப்பிட வேண்டும். மன்றத்தின் விதி அது, எழுதியவர் தலைவர்.

“அப்பா!” என்றாள்.

கூட்டம் திரும்பியது.

“காலைல நீங்கதானே பனியனெல்லாம் துவைச்சீங்க?”

“ஆமாம்!” ஒலிபெருக்கி வாயருகிலேயே இருந்தது. “தலைவன் என்பவன் தொண்டனுக்குத் தொண்டன்!”

“துவைச்ச தண்ணி எங்கப்பா போச்சு?”

“எங்க போகும்? கீழ போச்சு.”

“கீழேன்னா?”

“ஓட்டை இருக்கே, அதுக்குள்ள.”

“ஓட்டைக்கு அப்புறம்?”

தலைவர் வாயைத் திறந்தார். கால்வாயைப் பற்றி இந்த ஊரில் அவர் பேசாத தெருமுனை கிடையாது. மீன்களின் சார்பாகப் பேசியிருக்கிறார். கொக்குகளின் சார்பாகக் கண்ணீர் விட்டிருக்கிறார். ஓட்டைக்கு அப்புறம் என்ன என்பதுதான் அவர் யோசித்தே பார்க்காத விஷயம்.

“ஓட்டைக்கு... அப்புறம்...” என்று தெரு முழுக்க எதிரொலித்தது. பிறகு ஒலிபெருக்கி மெதுவாகக் கீழே இறங்கியது.

முதலில் சிரித்தது, கூட்டத்தோடு வந்திருந்த பூட்டுக்காரர். ஒருவர் சிரித்தால் போதாதா? மாமாவின் சட்டையைப் பிடித்திருந்தவன் தன் கையை யாரோ வைத்துவிட்டுப் போனதுபோல் பார்த்து, பையில் விட்டுக்கொண்டான். அடித்தவனைக் காணவில்லை.

“அப்ப இது நீங்களே போட்ட நாடகமா?” என்று ஒருத்தி கத்தினாள். “ஓட்டுக்காக நீங்களே சாயத்தைக் கரைச்சு விட்டுட்டு...”

“நாடகம் போடற அளவுக்கு அவருக்கு மெஷின் தெரியாதும்மா,” என்றாள் அம்மா.

“உங்களுக்குத் தெரியுமில்ல? தினம் உங்க அழுக்குத் தண்ணி இதுலதானே போகுது? ஏன் சொல்லல?”

“தெரியும்,” என்றாள் அம்மா. “தெரிஞ்சதாலதான் நான் மேடை ஏறல. அவருக்குத் தெரியாது, ஏறிட்டாரு.”

*

அஞ்சு மணி நெருங்கும்போது மகள் நூலகத்து வராந்தாவில் உட்கார்ந்திருந்தாள். வரிசையில் இப்போது சிரிப்பு ஓடிக்கொண்டிருந்தது. “தண்ணி எங்க போச்சு?” என்று ஒருவர் கேட்பார், “ஓட்டைக்குள்ள!” என்று பத்துப் பேர் சொல்வார்கள். காலையில் மாறின முகங்களெல்லாம் திரும்பவும் மாறியிருந்தன. பூட்டுக்காரர் அவளைப் பார்க்காமல் உள்ளே போய், அவளைப் பார்க்காமல் வெளியே வந்தார். வெளிறிய பனியன்களைத் தொண்டர்கள் கழற்றிக் குவித்துவிட்டுப் போயிருந்தார்கள்.

மாமா வந்தார். ஒரு பக்கம் வெள்ளையான கண்ணாடியோடு உள்ளே போய்விட்டுத் திரும்பினார்.

“நான் வேண்டாம்தான் போட்டேன், பாப்பா. ஒரு அறை வாங்கினதுக்காகக் கொள்கையை மாத்திக்க முடியுமா?”

அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன.

அடுத்து அம்மா வெளியே வந்தாள். மகள் நகர்ந்து இடம் கொடுத்தாள். அம்மா பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“ஆம் போட்டேன்.”

“அம்மா!”

“நேத்து வரைக்கும் வேண்டாம்தான். நீ குடுத்த காகிதமெல்லாம் படிச்சேன், அப்பவும் வேண்டாம்தான்.” நகத்தில் ஏறிய பச்சையைத் தேய்த்துப் பார்த்தாள், போகவில்லை. “என் தண்ணிக்காக அவன் அடி வாங்கிட்டான். அதுக்கப்புறமும் அதே தண்ணியை விடறதுக்கு நானே முத்திரை குத்தினா, நாளைக்கு அவன் முகத்தைப் பார்த்து என்ன பேசறது?”

“அவர் உன் கடைக்காகத்தான் வேண்டாம் போட்டிருக்காரும்மா.”

“தெரியும். என் தம்பி அப்படித்தான். ஒரு ஓட்டுக்கு ஒரு ஓட்டு சரியாப் போச்சு.”

“கடை போயிட்டா?”

“தெரியல,” என்றாள் அம்மா. “அதை மட்டும் கேக்காதே இப்போ.”

கடைசி ஆளாகத் தலைவர் வந்தார். ஒலிபெருக்கி இல்லை. சுண்ணாம்புக் கோட்டைக் கவனிக்காமல் மிதித்துக்கொண்டு வந்தார். படியில் மனைவிக்கு முன்னால் நின்றார்.

“நம்ம கடைத் தண்ணியும் அதுலதான் போகுதுன்னு நீ ஏன் ஒரு வார்த்தை எங்கிட்ட சொல்லல?”

“நீங்க கேக்கலியே.”

“தடை வந்தா... கடை?”

“மூடணும். தொட்டி கட்ட இடமில்ல.”

“மூடினா நாம என்ன பண்றது?” முதல் தடவையாக அவர் குரல் பக்கத்தில் இருப்பவருக்கு மட்டும் கேட்கிற அளவில் வந்தது.

“உள்ள போங்க. மணி ஆகுது.”

அவர் போனார். வாக்குச் சீட்டை வாங்கினார். அட்டைத் தடுப்புக்குப் பின்னால் மறைந்தார்.

அலுவலர் பெட்டிக்கு முத்திரை வைக்க அரக்கை உருக்கினார். வாசல் கதவை ஒருவர் பாதி சாத்தினார். தடுப்புக்குப் பின்னாலிருந்து யாரும் வரவில்லை.

“ஐயா,” என்றார் அலுவலர். “ரெண்டே கட்டம்தாங்க.”

உள்ளே சீட்டு சரசரத்தது.

மகள் வாசலில் போய் நின்று பார்த்தாள். அட்டைக்குக் கீழே அப்பாவின் செருப்புகள் மட்டும் தெரிந்தன. அவை மேஜையை நோக்கி ஓர் அடி நகர்ந்தன. பிறகு, மெதுவாக, பின்னால் வந்தன.